கிங்கைத் தேடியெடுத்த சபை: மான்ட்காமரியின் டெக்ஸ்டர் அவென்யூவும் அதன் போதகர்களும்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் வரலாறு என்ன என்பது ஒன்று. அவருக்கு முன்பிருந்த போதகரைச் சபையாரே அனுப்பிவிட்டார்களாமே, அவர் தோற்றுப்போன ஊழியரா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்காமரி. அங்கே டெக்ஸ்டர் அவென்யூ என்றொரு அகலமான வீதி. அதன் கீழ்முனையில் கோர்ட் சதுக்கம். உள்நாட்டுப் போருக்கு முன் மனிதர்களை ஏலம்விட்ட அடிமைச் சந்தை அங்கேதான் இருந்தது. வீதியின் மேல்முனையில், மேட்டின் மீது, மாநிலச் சட்டமன்றக் கட்டடம். 1861 பிப்ரவரி 18 அன்று ஜெஃபர்சன் டேவிஸ் அந்தப் படிகளில் நின்றுதான், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவராகப் பதவியேற்றார். அந்தச் சட்டமன்றத்தை அண்ணாந்து பார்த்தபடி, கூப்பிடு தூரத்தில் நிற்கிறது சிவப்புச் செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கோயில். அதுதான் நீங்கள் கேட்ட சபை.

அது அந்த இடத்துக்கு வந்த கதையை 1867-லிருந்து தொடங்க வேண்டும். போருக்கு முன் மான்ட்காமரியின் கறுப்பின மக்கள் வெள்ளையரின் முதல் பாப்டிஸ்ட் சபையில்தான் ஆராதித்தார்கள், மாடத்தில் உட்கார்ந்து. விடுதலை கிடைத்ததும் நூற்றுக்கணக்கானோர் அதிலிருந்து வெளியேறித் தங்களுக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1877-ல், அந்தப் புதிய சபையிலிருந்து ஒரு சிறு கூட்டம் பிரிந்தது. அதுதான் பிற்பாடு டெக்ஸ்டர் சபை ஆனது. முதலில் அவர்கள் கூடிய கூடம், ஒரு காலத்தில் அடிமை வியாபாரி ஒருவர் ஆட்களை அடைத்துவைத்த இடம். விற்பனைக்கு நிறுத்தப்பட்ட அதே தரையில் முழங்காலிட்டு ஜெபித்திருக்கிறார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சட்டென்று கடந்து போக முடிவதில்லை.

1879 ஜனவரியில் சபையின் தர்மகர்த்தாக்கள் 270 டாலர் கொடுத்து இப்போதைய மனையை வாங்கினார்கள். கையில் காசு சேரச் சேரக் கட்டினார்கள். தரைத்தளம் முதலில் எழும்பியது. அதற்குள்ளேயே கூடிக்கொண்டு மேல்தளத்தைக் கட்டினார்கள். புதிய ஆலயத்தில் முதல் ஆராதனை நடந்தது 1889-ல், நன்றி கூறும் நாளன்று. சட்டமன்றத்துக்கு எதிரே முன்னாள் அடிமைகள் கோயில் கட்டுவது வெள்ளையர் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனைப் பத்திரம் சபையின் கையில் இருந்தது.

முதல் போதகர் சார்லஸ் ஆக்டேவியஸ் பூத். 1845-ல் மொபீல் மாவட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்தறிவு இல்லாமல் விடுதலை நிலைக்காது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத உறுதி இருந்தது. செல்மாவில் கறுப்பின பாப்டிஸ்ட் மக்கள் கல்லூரி தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர் அவர். எளிய மக்களுக்கு எளிய நடையில் இறையியலை விளக்கி 1890-ல் ஒரு நூல் எழுதினார். ஐந்து ஆண்டு கழித்து அலபாமாவின் கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளையும் ஊழியர்களையும் பற்றி ஒரு பெரிய களஞ்சியமும் கொண்டுவந்தார். அடிமையின் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தருவதே குற்றம் என்று சட்டம் வைத்திருந்த மாநிலத்தில் வளர்ந்தவர் செய்த வேலை இது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அவருடையது என்றே நினைக்கிறேன்.

கல்வியோடு இந்தச் சபைக்கு இருந்த ஒட்டுறவு அவரோடு நிற்கவில்லை. கறுப்பின ஆசிரியர்களுக்கான அரசுக் கல்லூரி மேரியன் என்ற சிற்றூரிலிருந்து 1887-ல் மான்ட்காமரிக்கு மாறியபோது, முதல் மாணவர் சேர்க்கை நடந்தது இந்தக் கோயிலில்தான். அதுவே இன்றைய அலபாமா மாநிலப் பல்கலைக்கழகம். அன்றுமுதல் கல்லூரிப் பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், மருத்துவர்கள் என்று படித்தவர்கள் டெக்ஸ்டர் சபையில் சேர்ந்தார்கள். ஊரில் அதற்குப் ‘பெரிய மனுஷங்க கோயில்’ என்ற பேச்சு ஏற்பட்டது. 1905 முதல் 1916 வரை போதகராக இருந்த ராபர்ட் சாப்மன் ஜட்கின்ஸ் பிரசங்கத்தோடு நிற்கவில்லை, ‘கலர்ட் அலபாமியன்’ என்ற செய்தித்தாளையும் நடத்தினார். ஆனால் இந்தப் படிப்புக்குள்ளேயே ஒரு பயமும் இருந்தது. கல்லூரிக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர் அரசு. தெருவுக்கு எதிர்ப்புறம் சட்டமன்றம். வாயைத் திறந்தால் வேலை போகும். ஆராதனை அமைதியாக, கட்டுப்பாடாக நடக்கும். கைதட்டல், ‘ஆமென்’ முழக்கமெல்லாம் அங்கே குறைவு. நன்றாக உடுத்தி, நல்ல ஆங்கிலத்தில் ஜெபித்து, யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சபை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். நமக்கு ஐயரை, அதாவது போதகரை, நியமிப்பதும் மாற்றுவதும் பேராயரும் திருமண்டலமும்; சபைக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாற்றல் ஓலை வந்தால் அவர் பெட்டி கட்ட வேண்டும். பாப்டிஸ்ட் சபைக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே அதிகாரி. போதகர் வேண்டுமென்றால் ஆளைத் தேடுவார்கள், ஒரு ஞாயிறு பிரசங்கம் பண்ணக் கூப்பிடுவார்கள், பிறகு சபையார் கூடி ஓட்டுப் போட்டு அழைப்பு அனுப்புவார்கள். சம்பளம் பேசுவதும் அவர்கள்தான். அதே சபையார் கூடி ஓட்டுப் போட்டால் போதகர் போகவும் வேண்டியதுதான். டெக்ஸ்டரில் டீக்கன்மார், அதாவது சபை நிர்வாகத்தைப் பார்க்கும் மூப்பர்கள், கை எப்போதும் ஓங்கியிருந்தது. போதகர்களை அடக்கி வைப்பதில் பெயர்போன சபை அது.

அப்படிப்பட்ட சபைக்கு 1940களின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தார் வெர்னன் ஜான்ஸ்.

1892-ல் விர்ஜீனியாவில் ஃபார்ம்வில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஓபர்லின் இறையியல் கல்லூரியில் படித்தவர். நாட்டின் சிறந்த பிரசங்கங்கள் என்று 1926-ல் வெளியான தொகுப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் போதகர் அவர்தான். லிஞ்ச்பர்க்கில் ஒரு இறையியல் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தவர். கவிதையும் வேதமும் நாக்கில் புரளும். அந்தப் படிப்பைப் பார்த்து டெக்ஸ்டர் சபையார் மகிழ்ந்துபோனார்கள். ஆனால் அவர் சட்டையில் மண் ஒட்டியிருந்ததை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஜான்ஸின் வாதம் நேரானது. கறுப்பின மக்கள் உண்பதும் உடுப்பதும் வெள்ளையரிடம் வாங்கியது. தானே விளைவித்து, தானே விற்கக் கற்காத சமூகம் எப்படித் தலைநிமிரும்? சொன்னதோடு நில்லாமல் தர்பூசணியும் காய்கறியும் கொண்டுவந்து கோயிலிலேயே விற்றார். ஒருமுறை மீனும் விற்றார். பேராசிரியர்களுக்கும் மருத்துவர் வீட்டு அம்மாக்களுக்கும் இது தாங்க முடியாத அவமானம். சண்டை மூளும், ஜான்ஸ் ராஜினாமா கடிதம் கொடுப்பார், சமாதானம் ஆகும், மறுபடி சண்டை.

மீனைவிடப் பெரிய தலைவலி அவருடைய பிரசங்கம். கோயிலுக்கு வெளியே பலகையில் அடுத்த ஞாயிறு பிரசங்கத் தலைப்பை எழுதிவைப்பது வழக்கம். அந்தப் பலகையைத் தாண்டித்தான் அரசு ஊழியர் பலரும் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை அதில் எழுதியிருந்தது: மான்ட்காமரியில் கறுப்பரைக் கொல்லுவது பாதுகாப்பானது. போலீஸ் வன்முறைக்கு யாரும் தண்டனை பெறாத நாட்கள் அவை. அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் அறிவித்தபடியே பிரசங்கித்தார். இன்னொரு தலைப்பு, மரணத்துக்குப் பின்னும் இனப்பிரிவினை. ஐசுவரியவானும் லாசருவும் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். நரகத்தில் வெந்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பணக்காரன் லாசருவிடம் நேரே பேசுவதில்லை. ‘லாசருவை அனுப்பும், அவன் என் நாவைக் குளிரப்பண்ணட்டும்’ என்று ஆபிரகாமிடம்தான் கேட்கிறான். செத்த பிறகும் லாசரு அவனுக்கு ஏவலாள்தான். லூக்கா 16-ஐ ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஒரு கோணம் போதும், அவர் எப்பேர்ப்பட்ட பிரசங்கியார் என்று தெரிந்துகொள்ள.

வெள்ளையரை மட்டுமா வெளுத்தார்? சொந்தச் சபையாரைத்தான் அதிகம். சுகமாக இருக்கிறீர்கள், பயந்து கிடக்கிறீர்கள், ஊரில் நடப்பதைப் பார்த்தும் பாராமல் இருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒருநாள் பேருந்தில் ஓட்டுநர் அவரை அவமதித்தபோது, உள்ளே இருந்த கறுப்பினப் பயணிகளையெல்லாம் தன்னோடு இறங்கிவரச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. அவர் மட்டும் இறங்கினார்.

கடைசியில் 1952-ல் அவர் கொடுத்த ராஜினாமாவைச் சபை திருப்பிக் கொடுக்கவில்லை. அதோடு முடிந்தது. இதைத்தான் ‘அனுப்பிவிட்டார்கள்’ என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்.

தோற்றாரா? அவர் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மேலே சொன்ன கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியை மேரி ஃபேர் பர்க்ஸ் இருந்தார். 1940களில் மான்ட்காமரியில் பெண்கள் அரசியல் மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கியவர் அவர். சொகுசில் சோம்பிக் கிடந்த சபையை ஜான்ஸ் சாடியது தன்னை உலுக்கியதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் மன்றத்தின் தலைவரானவர் ஜோ ஆன் ராபின்சன், அதே கல்லூரி, அதே ஆங்கிலத் துறை, அதே டெக்ஸ்டர் சபை. 1949-ல் கிட்டத்தட்டக் காலியாக இருந்த பேருந்தில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய முன்பக்கம் உட்கார்ந்துவிட்டார் என்று ஓட்டுநர் கத்த, அழுதுகொண்டே இறங்கி ஓடியவர் அவர். 1954 மே 21 அன்று மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார்: பேருந்தில் எங்களை நடத்தும் விதம் மாறாவிட்டால் நகரம் முழுவதும் பேருந்துப் புறக்கணிப்பு நடக்கலாம் என்று.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். கிங் அப்போது மான்ட்காமரியில் குடியேறவே இல்லை. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்து ரோசா பார்க்ஸ் கைதாக இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. சபையின் இருக்கைகளில் நெருப்பு ஏற்கெனவே பற்றியிருந்தது. பற்றவைத்தவர்களில் ஒருவரைத்தான் சபை வெளியே அனுப்பியிருந்தது.

ஜான்ஸுக்குப் பிறகு டெக்ஸ்டர் சபை தேடியது சாந்தமான, படித்த ஒரு ஆளை. டீக்கன் ராபர்ட் நெஸ்பிட் அட்லாண்டாவில் ஒரு இளைஞனைப் பற்றிக் கேள்விப்பட்டார். 1954 ஜனவரி 24 அன்று அந்த இளைஞர் வந்து சோதனைப் பிரசங்கம் செய்தார். வெளிப்படுத்தின விசேஷம் 21-ல் வரும் நகரத்துக்கு நீளமும் அகலமும் உயரமும் சமம்; அதுபோல முழுமையான வாழ்வுக்கும் தன்னை, பிறரை, கடவுளை நோக்கிய மூன்று அளவுகள் வேண்டும் என்பது பொருள். வயது 25 ஆகி ஒன்பது நாள். சபை ஏகமனதாக அழைத்தது. ஆண்டுச் சம்பளம் 4,200 டாலர். அவருடைய மனைவி கொரெட்டா அலபாமாவில் மேரியன் பக்கத்துப் பெண். மேலே சொன்ன கல்லூரி பிறந்த அதே மேரியன். இனப்பிரிவினையைப் பார்த்து வளர்ந்த ஊருக்கே திரும்பிப்போக அவருக்கு மனமில்லை. இருந்தும் வந்தார்கள். செப்டம்பர் முதல் கிங் முழுநேரப் போதகர்.

சபையில் அப்போது முந்நூறு சொச்சம் பேர். சாந்தமான பையன் என்று டீக்கன்மார் நினைத்திருந்தால், முதல் வாரமே அந்த நினைப்பு கலைந்திருக்கும். போதகரின் அதிகாரம் மனிதர் தந்தது மட்டுமல்ல, கடவுள் தந்தது என்று தொடங்கி ஒரு நீண்ட திட்டத்தைச் சபையின் முன் வைத்தார். பிறந்த மாதப்படி பன்னிரண்டு குழுக்கள், புதிதாகச் சேர்ந்தவர்களைக் கவனிக்க ஒரு குழு, படிப்புக்கு உதவ ஒரு நிதி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சமூக அரசியல் செயற்குழு. உறுப்பினர் ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய வேண்டும், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் சேர வேண்டும் என்றார். அந்தக் குழுவைப் பர்க்ஸ், ராபின்சன் இருவர் பொறுப்பிலும் விட்டார். ஜான்ஸ் திட்டிச் சொன்னதைக் கிங் குழு போட்டுச் செய்தார் என்பேன். ஆளுக்கு ஒரு வழி.

முதல் ஆண்டு அவர் வாழ்க்கை ஒரு சாதாரணப் போதகரின் வாழ்க்கைதான். காலை ஐந்தரைக்கு எழுந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கான ஆய்வேட்டை எழுதுவது, பிறகு நோயாளிகளைச் சந்திப்பது, கல்யாணம், அடக்க ஆராதனை. ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு வாரத்தில் பதினைந்து மணி நேரம் உழைத்திருக்கிறார். வாரந்தோறும் பிரசங்க பீடம் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. ரோசா பார்க்ஸ் கைதான செய்தி வந்த இரவே ராபின்சன் கல்லூரிக்குப் போய், நகலெடுக்கும் இயந்திரத்தில் விடியும்வரை துண்டுப் பிரசுரம் அடித்தார், பல்லாயிரக்கணக்கில். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்பது செய்தி. மறுநாள் மாலை ஊரின் கறுப்பினத் தலைவர்கள் கூடிப் பேசியது டெக்ஸ்டர் சபையின் தரைத்தளத்தில். திங்களன்று பேருந்துகள் வெறுமையாக ஓடின. பெருங்கூட்டங்களுக்கு டெக்ஸ்டரில் இடம் போதாது. அவை ஹோல்ட் ஸ்ட்ரீட் போன்ற பெரிய கோயில்களில் நடந்தன. புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. 1956 ஜனவரி 30 இரவு, தெற்கு ஜாக்சன் வீதி 309-ஆம் எண்ணில் இருந்த போதகர் இல்லத்தின் முன் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே கொரெட்டாவும் பிறந்து இரண்டு மாதமே ஆன குழந்தையும் இருந்தார்கள், காயம் இல்லை. கொதித்துப்போய் ஆயுதத்தோடு கூடிய கறுப்பின மக்களை அதே திண்ணையில் நின்று சாந்தப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார் கிங். அந்த வீடு சபையின் சொத்து என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னும் குண்டு விழலாம் என்று தெரிந்தும் சபை தன் போதகரை ஊரைவிட்டு அனுப்பவில்லை. வாய் திறக்கப் பயந்த சபை என்று மேலே எழுதினேனே, அதே சபை.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இருக்கிறது. 1959-ல் கிங் இந்தியா வந்தபோது அவர் இன்னும் டெக்ஸ்டர் சபையின் போதகர். சென்னை, மதுரை, காந்திகிராமம், கன்னியாகுமரி எல்லாம் போனார். குமரிமுனையில் சூரியன் கடலில் இறங்க, மறுபுறம் நிலா எழுந்ததைக் கண்டதைப் பின்னாளில் பிரசங்கத்தில் சொன்னார். ஊர் திரும்பியதும், மார்ச் 22, குருத்தோலை ஞாயிறன்று, டெக்ஸ்டர் பீடத்தில் அவர் எடுத்த பொருள் காந்தி. ‘இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு’ என்ற யோவான் 10:16 தான் ஆதார வசனம். கிறிஸ்தவரல்லாத ஒருவரைப் பற்றி, பரிசுத்த வாரத்தின் வாசலில், ஒரு பாப்டிஸ்ட் போதகர் இப்படிப் பேசியதை நம் சபைகளில் இன்றும் எத்தனை பேர் ஏற்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த நவம்பரில் அவர் விலகலை அறிவித்தார். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததில் மேய்ப்பனின் வேலையைச் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற குற்ற உணர்வு அவருக்கு இருந்தது. 1960 தொடக்கத்தில் அட்லாண்டாவில் தந்தையோடு எபெனேசர் சபைக்குப் போனார். ஐந்தரை ஆண்டு, அவ்வளவுதான்.

அடுத்து ஹெர்பர்ட் ஈட்டன் வந்தார். அதே 1960-ல் மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து அரசின் நெருக்கடி கல்லூரிமேல் இறங்கியது. பர்க்ஸும் ராபின்சனும் வேலையை விட்டு ஊரைவிட்டே போனார்கள். கல்லூரித் தலைவர் டிரென்ஹோமும் டெக்ஸ்டர் சபைக்காரர்தான். மாநில ஆளுநருக்கும் சொந்தச் சபை மக்களுக்கும் நடுவில் அவர் பட்ட பாடு பெரும்பாடு. பயந்தவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. கோயில் 1974-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1978-ல் பெயரோடு ‘கிங் நினைவு’ என்பது சேர்ந்தது. இன்றும் அங்கே சபை கூடுகிறது.

ஜான்ஸ் விர்ஜீனியாவுக்குத் திரும்பிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டும் அங்கங்கே பிரசங்கித்துக்கொண்டும் இருந்தார். அவர் டெக்ஸ்டரில் இருந்த காலத்திலேயே, 1951-ல், அவர் சகோதரரின் மகளான பதினாறு வயது பார்பரா ஜான்ஸ், ஃபார்ம்வில்லில் தன் பள்ளியின் இழிநிலையை எதிர்த்து மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அதிலிருந்து எழுந்த வழக்குதான் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த உச்ச நீதிமன்றத்தின் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் சேர்ந்த வழக்குகளில் ஒன்று. 1965 மார்ச் 25 அன்று, வாக்குரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து நடந்துவந்தவர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 25,000 பேர் டெக்ஸ்டர் அவென்யூவில் ஏறினார்கள். ஜான்ஸ் பிரசங்கத் தலைப்பு எழுதிவைத்த அந்தக் கோயிலைத் தாண்டித்தான் சட்டமன்றப் படிவரை போனார்கள். அந்த ஜூன் மாதம் ஜான்ஸ் இறந்தார்.